ஒன் டன் நிசான் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

பட்டாளத்தில் கழித்துவிட்ட டிரக்கை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கையில் கிரீஸோடு அலைகிற ஆட்கள் குமரி மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்காகத்தான் இது. ஜபல்பூரில் நிசான் உரிமத்தில் தயாரான ஒன் டன் டிரக்கையும், அதே குடும்பத்து ஜோங்கா ஜீப்பையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இரண்டிலும் இருப்பது 3956 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பட்டாளத்து சக்திமான் லாரி வைத்திருப்பவர்களுக்கு டீசல் பற்றி நடுவில் ஒரு பத்தி இருக்கிறது. பிரேக், துரு, பேப்பர் எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

இந்த வண்டிகளில் எஞ்சின் உண்மையிலேயே கெட்டுப்போவது அபூர்வம். எஞ்சின் போய்விட்டது என்று நம்மை நம்ப வைக்கிற சாமான்கள்தான் அதிகம்: அரித்துப்போன எர்த், டேங்கில் இறங்கிய தண்ணீர், உள்ளே வீங்கிய ரப்பர் ஹோஸ், அப்புறம் நமக்கு முன்னால் கை வைத்தவர் செய்துவிட்டுப் போன ஒட்டு வேலை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கிற ஊர் நம்முடையது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் 'ஹெட்டைக் கழற்றிப் பார்த்திரலாம்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு முதலில் இங்கே சொல்லியிருப்பவற்றைப் பாருங்கள்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டோ தடிக் கட்டையோ வைத்த பிறகுதான் படுக்க வேண்டும். வீல் ரிம் இரண்டு துண்டாகவோ லாக் ரிங் வைத்ததாகவோ இருந்தால், வால்வைப் பிடுங்கிக் காற்று முழுவதையும் இறக்கிய பிறகே நட்டில் ஸ்பேனர் போடுங்கள். திரும்பக் காற்றடிக்கும்போது கூண்டு உள்ள கடைக்குப் போங்கள். லாக் ரிங் தெறித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

ஸ்டார்ட் பண்ணினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

பேட்டரிக்கு சார்ஜ் போடுவார்கள், அப்புறம் புதுசு வாங்குவார்கள், அப்புறமும் 'டக்'. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். லைட் அடியோடு செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். லைட் அசையாமல் பளிச்சென்று எரிந்தால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகவே இல்லை. சுவிட்சையும் சொலினாய்டையும் பாருங்கள். லைட் பாதியாக மங்கி ஸ்டார்ட்டர் முனகினால், ஒன்று எஞ்சின் இறுகியிருக்கிறது, இல்லை வழியில் எங்கோ கரண்ட் தின்னப்படுகிறது.

இந்த மூன்றாவதுதான் நம்ம ஊரில் அதிகம். ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்து வந்த பெரியவர் ஒருவரிடம், "ஆசானே, ஸ்டார்ட்டரைக் கழற்றி எலக்ட்ரீஷியன்கிட்ட கொண்டு போகட்டா?" என்று கேட்டேன். "மக்கா, ஸ்பேனரைக் கீழ வை. எர்த்துல மீட்டர் வச்சியா?" என்றார். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், டெர்மினல் கிளிப்பில் வைத்தால் போதாது. மறுமுனை எஞ்சின் பிளாக்கில். இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை காட்டினால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் அதற்கும் உறவே ஒரு செம்புப் பின்னல் பட்டைதான். மேலே பார்த்தால் அது முழுசாக இருக்கும். மடக்கிப் பாருங்கள், உள்ளேயிருந்து பச்சைப் பொடி உதிரும். புதுப் பட்டை போடும்போது இரண்டு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள்.

மீட்டர் கையில் இருக்கும்போதே பேட்டரியையும் பார்த்துவிடலாம். சும்மா இருக்கையில் 12.6 வோல்ட், ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4. வண்டி 24 வோல்ட் என்றால் எல்லாமே இரட்டிப்பு. உங்களுடையது எது என்று விற்றவர் வாயைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். பேட்டரிகள் எப்படி இணைத்திருக்கின்றன என்று பாருங்கள், பல்பையும் ஸ்டார்ட்டரின் தகட்டையும் படியுங்கள். 24 வோல்ட் வண்டியில் யாரோ 12 வோல்ட் இக்னிஷன் காயிலைப் போட்டுவிட்டுப் போயிருப்பது நடக்கிற காரியம்தான்.

வருஷக்கணக்கில் கிடந்த வண்டி என்றால் மீட்டருக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. ஆறு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து ஊற்றி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் முன்னால் இருக்கும் ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் இன்னும் இரண்டு ராத்திரி. ஸ்டார்ட்டரை வைத்து வம்புக்கு இழுத்தால் ரிங்கும் பிஸ்டனும் போகும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் ஒடியும்.

சுற்றுகிறது, பற்றவில்லை

காயிலிலிருந்து டெல்கோவுக்கு (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு) போகும் வயரைக் காப்பு போட்ட பிளையரால் பிடித்து, பிளாக்கிலிருந்து ஒரு கால் அங்குலம் தள்ளி வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் வாடை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலமாக 'சட் சட்' என்று பாய்ந்தால் காயில்வரை சரி. மஞ்சளாக மெலிந்திருந்தாலோ வரவே இல்லை என்றாலோ டெல்கோ மூடியைத் திறக்க வேண்டும்.

கிடந்த வண்டியில், டெல்கோவுக்குள் காயிலின் கரண்டைத் திறந்து மூடுகிற பாயிண்ட் எரிந்திருக்காது, மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். கரண்ட் மட்டும் போகாது. பலரும் இங்கேதான் ஏமாறுவது. அரம் போட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி, பாயிண்டுக்கு நடுவில் வைத்து இழுத்தால் போதும். பிறகு ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரி பண்ணுங்கள். உங்கள் வண்டியின் கையேடு கிடைக்காவிட்டால் அரை மில்லிமீட்டரை ஒட்டி வைத்துத் தொடங்கலாம். ஒரு பாயிண்டில் மேடும் மறுபாயிண்டில் குழியுமாக இருந்தால் பாயிண்டோடு சேர்ந்த கன்டென்சரை மாற்றுங்கள், அதற்கு விலை பெரிதில்லை.

வயர்களை யாராவது பிடுங்கிப் போட்டிருந்தால், வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டருக்கு வழக்கமான பற்றும் வரிசை 1-5-3-6-2-4. டெல்கோ ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தத் திசையில் வயர் போடுங்கள். தலைகீழாகப் போட்டால் கார்புரேட்டர் வழியே தீயைத் துப்பும்.

தீப்பொறி நன்றாக இருக்கிறது, பிளக் மட்டும் காய்ந்து கிடக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைப் பிடுங்கி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றுங்கள். வந்ததை அப்படியே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு குமிழ் போலத் தண்ணீரோ, செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் டேங்கை இறக்கியே ஆகவேண்டும்.

இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய டேங்கின் உள்ளே ஒட்டியிருந்த துருவையும் கழற்றிக் கொண்டுவரும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊதவைத்துப் பதம் கெடுக்கும். அதனால் ஓட்டாமல் நிறுத்தப்போகிற வண்டியில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் என்று எழுதியிருப்பதாகவே வாங்குங்கள். டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்றைப் போட்டால் மறுநாளே நிலைமை தெரிந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சூடானதும் நின்றுவிட்டது

தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை ஏற்றத்தில் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே அடம் பிடிக்காது. எரிச்சலைக் கிளப்புகிற கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

நின்றதும் முதல் வேலை டேங்க் மூடியைத் திறப்பது. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. குளவி மண் வைத்து அடைத்த மூடியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஊசி போதும் வேலை முடிய.

உஸ் சத்தம் இல்லையா? உடனே தீப்பொறியைப் பாருங்கள். இல்லை என்றால் காயிலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் காயில்தான். காயிலோடு ரெசிஸ்டர் சேர்க்க வேண்டிய இடத்தில் யாரோ நேரடியாக வயர் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். காயில் சூடில்லை, பொறியும் இல்லை என்றால் கன்டென்சர்.

பொறி இருக்கிறது, பெட்ரோல் மட்டும் வரவில்லை என்றால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகிப்போகிறது. ஈரத்துணியை பம்ப் மேலே சுற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் தீர்ந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசிப் போகும் பைப்பைத் தள்ளிப் பொருத்துங்கள், நடுவில் ஒரு தகடு வையுங்கள். முதலில் இருந்த வெப்பத் தடுப்புத் தகட்டை, இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருப்பார்கள்.

தண்ணீர் கொதிக்கிறது

ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறதா, நிறுத்தி வைத்து ஓடும்போதும் கொதிக்கிறதா என்று கவனியுங்கள். நின்று ஓடும்போது மட்டும் என்றால் ஃபேன், பெல்ட். வேகமாகப் போகும்போது மட்டும் என்றால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸ் உள்ளிழுத்து ஒட்டிக்கொள்கிறது. எஞ்சினை முடுக்கும்போது அந்த ஹோஸைப் பார்த்தாலே தெரியும். டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடாகும், கூடவே இழுவையும் குறையும்.

ரேடியேட்டரில் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே பாதி வண்டிகள் கெட்டன. கடற்கரைப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அவசரத்துக்கு வாளியில் கிடைத்ததை ஊற்றிவிடுகிறோம். கூலன்ட்டோடு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கலந்து வைப்பதுதான் பாதுகாப்பு. ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து ராடு விட்டு (கம்பியால் அடைப்பெடுத்து) வந்த பிறகும் கொதித்தால், பிளாக்கின் பின்பக்கம், கடைசி சிலிண்டரை ஒட்டிச் சேறு கட்டியிருக்கும். டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஒன்றுமே வராது. கம்பியால் குத்தினால் செம்மண் குழம்பு மாதிரி இறங்கும். குழாய்த் தண்ணீரைத் தலைகீழாக விட்டுத் தெளிந்து வரும்வரை கழுவுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினதும் அதில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தாலோ, அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் பேச்சு.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்; கார்புரேட்டர் மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்புவதுபோல் கேட்கும், ஓட்டை. காலையில் ஒரு தடவை நீலமாக வந்து மறைந்தால் வால்வு கைடு பக்கம். அதோடு வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஏற்றத்தில் தொடர்ந்து நீலம் என்றால் ரிங். வெள்ளையாக வந்து, ரேடியேட்டரும் குறைந்தால் மேலே சொன்ன கேஸ்கெட். மழைக்காலக் காலையில் வருகிற வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் ஈரம்.

சக்திமான்: காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

ஜெர்மனியின் மான் (MAN) கம்பெனி உரிமத்தில் வந்த டீசல் அது. ராத்திரி நின்றால் காலையில் அடம், ஓடிவிட்டால் பிரச்சினை இல்லை என்றால் லைனில் எங்கோ காற்று உள்ளே போகிறது. டீசல் வெளியே ஒழுகாது, அதனால் கண்ணில் படாது. டேங்கிலிருந்து பம்ப்வரை உள்ள இழுவைப் பக்கத்து ஜாயிண்டுகளையும் செம்பு வாஷர்களையும் மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது முதலில் ஃபில்டர், பிறகு இன்ஜெக்ஷன் பம்ப் என்ற வரிசை மாறக்கூடாது.

பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கிறது

பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கி டிரம்மைத் தொட்டால் சுடும். வண்டி கனமாக இழுக்கும். எல்லோரும் ஷூவைக் கழற்றுவார்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை.

வண்டி பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீலின் பிளீடர் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி வீல் விடுதலையானால் லைனில் அழுத்தம் மாட்டியிருக்கிறது. விடுதலையாகவில்லை என்றால் வீல் சிலிண்டரோ ஷூவோ துருவில் இறுகியிருக்கிறது. அழுத்தம்தான் என்றால், மறுபடி பிடிக்க வைத்து, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டரில் பைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தினாலே எல்லா வீலும் விட்டால் குற்றவாளி மாஸ்டர்: பெடலில் விளையாட்டு இல்லாமல் ராடு இறுக்கமாக வைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே ஆயில் திரும்பி வரும் சின்னத் துளை அடைத்திருக்கிறது. மாஸ்டரில் தளர்த்தியும் ஒரு வீல் மட்டும் விடவில்லை என்றால் அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே வீங்கி ஒருவழிப் பாதையாகியிருக்கும். மிதிக்கும் பலத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வர மனசிருக்காது.

பெடல் ஸ்பாஞ்சு மாதிரி இருந்தால் காற்று. தொலைவில் உள்ள வீலிலிருந்து தொடங்கி எடுத்துக்கொண்டு வாருங்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கிற சாமான்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றாவிட்டால் சிலிண்டர் உள்ளே அரிக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மில் உள்ள தூசியை கம்ப்ரஸர் வைத்து ஊதக்கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

ஃபோர் வீலில் போட்டேன், எடுக்க வரவில்லை

லிவரைத் தொங்கி இழுத்து உடைத்தவர்கள் உண்டு. இந்த வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், ஓட முடியாது; அந்த முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறி நிற்கும். பத்தடி ரிவர்ஸ் போங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஒரு சக்கரத்தை ஜாக்கில் தூக்குங்கள், சக்கரம் தானே வெட்டிச் சுற்றி விடும், லிவரும் விரல் நுனியில் வரும். நேர் ரோட்டிலேயே இப்படி ஆனால் டயரைப் பாருங்கள்: முன்னால் தேய்ந்த ஜோடியும் பின்னால் புது ஜோடியுமாக இருக்கும். சேறோ மணலோ ஈரப்புல்லோ இல்லாத இடத்தில் ஃபோர் வீல் வேண்டாம்.

ஸ்டியரிங் ஆடுகிறது

முதலில் டயர் காற்று. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு பந்து தெரிந்துவிடும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓட்டிவிட்டு வந்து 'வண்டி இழுக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். காற்றாலை வைத்திருக்கிற ஊர் அது. கேன்வாஸ் கூரை போட்ட டிரக்கைக் காற்று தள்ளத்தான் செய்யும்.

பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுங்குகிறது

மறுபடியும் எர்த். பின்பக்க லைட்டின் எர்த் வயரைச் சேஸிஸில் புதிதாக முறுக்குங்கள்.

பெயின்டுக்கு அடியில் குமிழ்

குமிழைக் குத்தினால் தண்ணீர் வரும். பாடித் தகடு போனால் டிங்கர் பார்த்துக்கொள்வார். சேஸிஸ் அப்படியில்லை. சின்னச் சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் சரி, சொத்தென்று கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஸ்பிரிங் ஹேங்கர் இருக்கும் இடமும், இரண்டு தகடு சேர்த்து ரிவெட் அடித்த இடமும் அதிகம் போகும். பட்டி பூசி மறைத்த சேஸிஸை வாங்கவே வாங்காதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடினால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தப்பு, ஈரம் உள்ளேயே நின்று துரு இன்னும் வேகமாகப் பரவும். கூரை இருந்து, பக்கம் திறந்திருந்தால் நல்லது. கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பின்பாடியின் தரைப் பலகை மக்கியிருந்தால் அயினி போடுங்கள். வள்ளம் செய்கிற மரம் அது, மழைக்கு அசராது. பலகைகளை ஒன்றோடொன்று இறுக்கி அடிக்காமல் தண்ணீர் இறங்க இடைவெளி விடுங்கள்.

வண்டி ரெடி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்கிறது

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று நிறம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான். கோட்டாறிலோ மார்த்தாண்டத்திலோ பெயின்டு கலக்கச் சொல்லும்போது 'பட்டாளப் பச்சை' என்று ஆசைப்படாதீர்கள். மணல் நிறம், சாம்பல், வேறு பச்சை எதுவும் போகலாம். மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பழைய ராணுவ நம்பரையும் அழகுக்காக எழுதி வைக்க வேண்டாம்.

இன்னொன்று எஞ்சின். பெட்ரோல் விலை தாங்காமல் டீசல் எஞ்சினை மாட்டியிருப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இப்படி மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். நாகர்கோவிலின் டி.என். 74 ஆனாலும் மார்த்தாண்டத்தின் டி.என். 75 ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் புதுப் பெயின்டு தடிமனாக இருந்தால் விற்பவர் முன்னாலேயே தின்னர் போட்டுத் துடைத்துப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.